ஆக்சிலேட்டரைத் தொடாத பதினைந்து நிமிடம்

டிசம்பர் இரண்டாம் தேதி, மாலை நான்கு மணி பத்து நிமிடம். மூன்று நாளாகக் கொட்டிய மழை அப்போதுதான் தூறலுக்கு இறங்கியிருந்தது. ஆனால் கிழக்கே வேதாரண்யம் பக்கம் வானம் மறுபடியும் கருத்துக்கொண்டு வந்தது, ஊதக்காற்று வேறு. திருத்துறைப்பூண்டியில் என் கடை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். சாலை எங்கே முடிகிறது, சாக்கடை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் யாரும் கால் வைத்துவிடக் கூடாதே என்று ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அடையாளம் வைத்திருந்தேன். அது மிதந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது.

அந்த நேரத்தில் ஒரு குட்டி யானை வந்து நின்றது. அந்தச் சின்னச் சரக்கு வண்டியின் பின்னால், நான்கு பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டி, ஒரு டர்ட் பைக். பதினோரு நாளுக்கு முன்னால் என் கையால் மூன்று எல்.இ.டி. விளக்கு மாட்டிக் கொடுத்து அனுப்பிய வண்டி.

ஆட்டோ எலெக்ட்ரிக் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி நம் சங்கத்துச் செயலாளர் நான்கு முறை போன் செய்துவிட்டார். ஒயரை எப்படி இழுப்பது, ரிலேயை எங்கே ஒளித்து வைப்பது என்பதெல்லாம் உங்கள் செல்போனிலேயே வீடியோவாகக் கிடைக்கிறது. என்னைவிடத் தெளிவாகவும் சொல்கிறார்கள். என்னிடம் மிச்சமிருப்பது அந்த டிசம்பர் இரண்டாம் தேதிதான். அதைச் சொல்வதற்கும் எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் ஐந்தாவது போன் வரும்.

வண்டிக்காரன் பெயர் குமரேசன். முப்பத்து நான்கு வயது. ஒன்பது வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்து, சொந்த நிலம் மூன்று மாவோடு, அதாவது ஓர் ஏக்கரோடு, குத்தகைக்கும் எடுத்துச் சம்பா போட்டிருந்தான். கையில் இருந்த காசில் அவன் செய்த ஒரே ஆடம்பரம், சென்னையில் யாரோ ஓட்டிச் சலித்துப்போன இந்த டர்ட் பைக்கை வாங்கியதுதான். நவம்பரில் முதல் தடவை என்னிடம் வந்தபோது அவன் கேட்டது ஒரே வரி.

"சார், ராத்திரியப் பகலாக்கிக் குடுங்க."

ஆக்கிக் கொடுத்தேன். ஹேண்டில்பாருக்கு மேலே நீளப் பட்டை விளக்கு ஒன்று, அதற்குக் கீழே இரண்டு பக்கமும் உருண்டை விளக்கு இரண்டு. எல்லாம் எதிர்க்கடை ஜமால் பாயிடம் வாங்கியது. மாட்டி முடித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் எல்லோரும் செய்வதைத்தான். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஸ்விட்சைத் தட்டி, ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினேன். எதிர்க்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் அச்சடித்த அச்சகத்தின் பெயர்கூடத் தெரிந்தது. பாய் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு கத்தினார்.

"சார், அணைங்க சார்! என் கடையில எலி எல்லாம் விடிஞ்சிருச்சின்னு ஓடுது."

குமரேசன் சிரித்தான். நானும் சிரித்தேன். பத்தாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் வாங்கி எண்ணி வைத்தேன். அதில் என் கூலி ஆயிரத்து ஐந்நூறு.

இந்த விளக்கு நல்ல விளக்குதான், அதில் சந்தேகமே வேண்டாம். கோடியக்கரையிலிருந்து விடிவதற்குள் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஏழு பேருக்கு இதையே மாட்டியிருக்கிறேன். ஒருவர்கூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. ஏழு பேருக்குச் சரியாக இருந்தது எட்டாவது ஆளுக்கும் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். இதுதான் இந்தக் கதையின் கோளாறு. மற்றதெல்லாம் மழை.

குட்டி யானையிலிருந்து இறங்கிய குமரேசனின் கண் இரண்டும் சிவந்து கிடந்தது. கூடவே அவன் அக்கா வசந்தாவும் இறங்கினாள். அவன் வெளிநாட்டில் இருந்த ஒன்பது வருடமும் நிலத்தைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தாள்.

"நேத்து ராத்திரி ஒன்றரை மணி சார். நட்டநடுக் கரையில நின்னுபோச்சு," என்றான் குமரேசன். "லைட்டும் இல்ல, ஸ்டார்ட்டும் இல்ல. செத்த மாடு மாதிரிக் கெடக்கு. ரெண்டு மைல் நடந்தே வந்தேன், இருட்டுல."

"நடந்து வந்தானாம்," என்றாள் வசந்தா. "பாதித் தூரம் உக்காந்தே வந்தான். சேத்துல வழுக்கி வழுக்கி விழுந்து எந்திரிச்சி."

"கரையில் உனக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். பாருங்கள், இந்தக் கேள்வியைப் பதினோரு நாள் கழித்துக் கேட்கிறேன்.

அவர்கள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஊருக்குத் தெற்கே வடிகால் ஆறு ஓடுகிறது. அதன் கரைதான் ஊருக்கும் வயலுக்கும் காவல். மதகுச் சுவரில் கறுப்புக் கோடு ஒன்று போட்டிருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால், அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் ஒரு வீடு கரைக்காவல் பார்க்க வேண்டும். முறை என்று சொல்வார்கள். நான்கு கிலோமீட்டர் கரையைப் போய்ப் பார்த்துத் திரும்புவதும், மறுபடி போவதுமாக விடிகிறவரை. முன்பெல்லாம் ஒரு வீட்டிலிருந்து நான்கு பேர் போவார்கள். இப்போது வீட்டுக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. பாதி ஊர் திருப்பூரில், மீதி கடல் தாண்டி. அதனால்தான் குமரேசன் பைக்கில் காவல் பார்க்கலாம் என்று யோசித்திருக்கிறான். மற்ற வண்டிகள் அந்தக் களிமண்ணில் பத்தடி போகாது. நேற்று பக்கத்து வீட்டு முறை. பழகிப் பார்க்கலாமே என்று போயிருக்கிறான்.

"இன்னிக்கு எங்க முறை சார்," என்றாள் வசந்தா. "தண்ணி கோட்டுக்கு மேல முக்காலடி நிக்கிது. ராத்திரி இன்னும் மழை இருக்குன்னு சொல்லிட்டாங்க. அந்தக் கரை ஒடைஞ்சா நூத்தம்பது ஏக்கர். எல்லாம் கதிரு வெளிய வர்ற நேரம், பொதி கட்டி நிக்கிது. நாலு நாள் தண்ணிக்குள்ள கெடந்தா வைக்கோலுக்குக்கூட ஆகாது."

"வேறு யாரிடமாவது முறையை மாற்றிக்கொள்ள முடியாதா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாண வீட்டில் தாலி கட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்குமா என்று கேட்டவனைப் பார்ப்பது போல. நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

இருட்ட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. என் முழங்கால் வலி அன்று காலையிலிருந்தே பொறுக்க முடியவில்லை. மணி ஐந்தானால் கடையைச் சாத்திவிட்டு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நெருக்கடி வரும்போது நீங்கள் நல்ல நிலையில் இருப்பீர்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

குமரேசன் தீர்வோடுதான் வந்திருந்தான். "பேட்டரி பத்தல சார். பெருசா ஒண்ணு வைங்க. பாய்கிட்ட இருக்கு, வரும்போதே போன்ல கேட்டுட்டேன்."

பாய் குடையோடு தண்ணீரைக் கடந்து வந்தார். அவர் குடையில் மூன்று கம்பி ஒடிந்து, ஒரு பக்கம் வௌவால் இறக்கை மாதிரித் தொங்கும். அது தூக்கிப் போட வேண்டிய குடை. "ரெடியா இருக்கு சார். கார் பேட்டரி. இதப் போட்டா கலெக்டர் ஆபீசுக்கே கரண்ட்டு குடுக்கலாம்."

"அதை எங்கே வைப்பது? தலையிலா?"

"அக்கா மடியில."

வசந்தா சிரிக்கவில்லை.

உடனே செய்யச் சொல்லி மூன்று பேரும் நிற்கிறார்கள். வாடிக்கையாளர் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் அவரே சொல்லிவிடுகிறார். மருந்து எதிர்க்கடையில் தயாராக இருக்கிறது. நேரமும் இல்லை. நம் தொழிலில் பெரிய தவறுகள் நடப்பது இப்படிப்பட்ட அரை மணி நேரத்தில்தான். நான் கெட்டிக்காரத்தனத்தால் தப்பிக்கவில்லை. கார் பேட்டரியைக் கட்ட இடம் தேட வேண்டுமே என்ற சோம்பலில், முதலில் இருக்கிற பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்றேன். அவ்வளவுதான்.

வேறொரு பேட்டரியிலிருந்து கொடுத்ததும் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது. மூன்று விளக்கையும் போட்டேன். பளிச்சென்று எரிந்தன. கை ஆக்சிலேட்டருக்குப் போனது. போன கையை நிறுத்திக்கொண்டு குமரேசனைக் கேட்டேன்.

"கரையில் எவ்வளவு வேகத்தில் போவாய்?"

"வேகமா? கரையில எங்க சார் வேகம்? ஃபர்ஸ்ட் கியர்தான். அக்கா நடந்து வந்தா என்னை முந்திடும்."

"நடுவில் நிறுத்துவாயா?"

"நிறுத்தி நிறுத்தித்தான். எறங்கிப் பாக்கணுமில்ல."

"நிறுத்தும்போது எஞ்சினை அணைப்பாயா?"

"அணைச்சா லைட்டுக்கு?"

மீட்டரைப் பேட்டரியில் மாட்டி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வண்டி தன் போக்கில் டுப்டுப்பென்று நின்றுகொண்டே ஓடியது. விளக்கு மூன்றும் அப்படியே எரிந்தன. ஆனால் மீட்டர் முள் மட்டும் இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனது. ஆறு நிமிடத்தில் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டது.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் வண்டியில் மின்சாரம் நிறைய உற்பத்தியாகும். மெதுவாகச் சுற்றினால் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில்தான் பெட்ரோலை உறிஞ்சித் தருகிற பம்ப்பும் ஓட வேண்டும். மீதிப் பசிக்கு விளக்கு பேட்டரியைத் தின்கிறது. பேட்டரி காலியானால் விளக்கு மட்டுமல்ல, எஞ்சினும் நின்றுவிடும். கோடியக்கரை மீன்காரர்கள் பறக்கிறவர்கள், அவர்களுக்கு எட்டாத குறை இது. இவன் ஊர்கிறவன். கார் பேட்டரி வைத்தால் ஒன்றரை மணிக்குச் சாகிற வண்டி மூன்றரை மணிக்குச் சாகும். மழை காலை ஆறு மணி வரை பெய்யும்.

வருகிறவரிடம் எவ்வளவு வேகமாகப் போவீர்கள் என்று எல்லோரும் கேட்கிறோம். எவ்வளவு மெதுவாகப் போவீர்கள் என்று நான் அதுவரை ஒருவரையும் கேட்டதில்லை.

அடுத்த கேள்வியை வசந்தாவிடம் கேட்டேன். "கரையில் எதைப் பார்ப்பீர்கள்? முன்னால் தெரிகிற பாதையையா?"

"பாதையில என்ன இருக்கு சார் பாக்க? வயல் பக்கமா, கரையோட அடியப் பாக்கணும். நண்டு வளை இருக்கும். அது வழியா ஆத்துத் தண்ணி பூந்து இந்தப் பக்கம் ஊத்து மாதிரிக் கெளம்பும். தெளிஞ்ச தண்ணியா வந்தா போகட்டும், கசிவுதான். கலங்கி வந்தா உள்ள மண்ணு கரைஞ்சு வருதுன்னு அர்த்தம். அப்ப ஊரக் கூப்பிடணும்."

"நேற்று அது தெரிந்ததா?"

"எங்க தெரிஞ்சது?" என்றான் குமரேசன். "ஒரே வெள்ளை சார். மழையே வெள்ளைத் துணி கட்டித் தொங்கவிட்ட மாதிரி நிக்கிது. தண்ணி எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னுது. அதுல தெளிஞ்சது எது, கலங்கினது எதுன்னு…"

பத்தாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்க்கு, பார்க்க வேண்டாத திசையில், பார்க்க முடியாத வெளிச்சத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

நான் ஸ்பானரை எடுத்துப் பட்டை விளக்கின் நட்டில் வைத்தேன்.

"என்ன சார் பண்றீங்க?"

"கழற்றுகிறேன். மூன்றையும்."

"சார், என்னா சார் வெளையாடுறீங்களா? வெளிச்சம் பத்தலன்னு வந்தா இருக்குற வெளிச்சத்தையும் புடுங்குறீங்க!"

"கம்பெனி போட்ட ஹெட்லைட் இருக்கிறது. பாதைக்கு அது போதும்."

"விக்கிறது நான், கழட்டுறது நீங்க," என்றார் பாய். "நல்ல கூட்டு வியாபாரம்."

கழற்றி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் பாய் டீ சொன்னார். ஐந்து டீ வந்தது. குட்டி யானை டிரைவரும் குடித்தார். வாடகை எழுநூறு ரூபாயை யார் கொடுப்பது என்று அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். குமரேசன் பையில் ஏ.டி.எம். கார்டுதான் இருந்தது. மழையில் மிஷின் வேலை செய்யவில்லை. நான் கொடுத்தேன், டீக்காசையும் சேர்த்து.

என் கடைப் பரணில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன விளக்கு ஒன்று கிடந்தது. அதுவும் எல்.இ.டி.தான். ஆனால் மஞ்சள் வெளிச்சம், உள்ளங்கை அகலம், தின்பதும் மிகக் குறைவு. அதை வண்டியின் இடது பக்கம், கரை அடியைப் பார்க்கிற மாதிரி கீழ்நோக்கி மாட்டுவது என் திட்டம். போல்ட்டுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது வசந்தா கேட்டாள்.

"போறப்ப வயல் இடது பக்கம் சார். திரும்பி வர்றப்ப?"

திரும்பி வரும்போது அது ஆற்றைப் பார்க்கும். போல்ட்டைக் கீழே வைத்தேன். இந்த வயதில், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது ஒரே நாளில் இரண்டு முறை.

வலது பக்கம் மாட்ட இன்னொரு விளக்கு என்னிடம் இல்லை. பாயிடமும் இல்லை. ஒரே விளக்கை இரண்டு பக்கமும் திருப்புவதற்கு ஒரு தாங்கி செய்யலாம். செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். மணி அப்போது ஐந்தரை. அவளே சொன்னாள்.

"நான் பின்னால சும்மாதான உக்காந்து வரப் போறேன். ஒயர நீளமா விட்டு என் கையில குடுங்க. எந்தப் பக்கம் வேணுமோ நான் புடிச்சிக்கிறேன்."

பாய் சொன்னார், "சார், முப்பத்தெட்டு வருஷ சர்வீசுல இப்பதான் உங்களுக்கு நல்ல ஸ்டாண்டு கெடைச்சிருக்கு."

ஆறடி ஒயர் விட்டு, நடுவில் ஃபியூஸ் போட்டு, விளக்கை அவள் கையில் கொடுத்தேன். எரிந்தது. குமரேசன் வண்டியில் ஏறிவிட்டான். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, ஊரிலிருந்து. மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

"இறங்கு," என்றேன். "பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும்."

"எதுக்கு?"

"ஆக்சிலேட்டரைத் தொடாமல் நிற்க வேண்டும். முள்ளைப் பார்க்க வேண்டும்."

"சார், அங்க தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு. இங்க முள்ளப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றீங்களே! எரியுதுல்ல? நான் போறேன்."

"நேற்றும் எரிந்தது."

அவன் கை க்ளட்சில் இருந்தது. ஒரு வார்த்தை தவறினாலும் போய்விடுவான். நான் சாவியைக் கையால் மூடிக்கொண்டேன். அவன் என் மகன் வயது. என் கையைத் தட்டிவிட அவனுக்கு ஒரு நொடி போதும். தம்பிகளே, எனக்கு அந்த நேரத்தில் என் பக்கம் நியாயம் இருப்பதாக நிச்சயமாகத் தெரியாது. உண்மையாகவே நேரம் போய்க்கொண்டிருந்தது. முள் அசையாமல் நின்றிருந்தால் ஊர் என்னைப் பைத்தியக்காரன் என்றுதான் சொல்லியிருக்கும்.

"எறங்குடா," என்றாள் வசந்தா. "நேத்து நடந்தது மறந்துபோச்சா? உக்காரு செத்த நேரம்."

உட்கார்ந்தோம். ஹெட்லைட் எரிகிறது. மஞ்சள் விளக்கு எரிகிறது. முள் பதின்மூன்றில் நின்றது. இரண்டு நிமிடம். நான்கு நிமிடம். ஐந்தாவது நிமிடம் முள் ஒரு மயிரிழை இடது பக்கம் போனது போல் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எட்டாவது நிமிடம் சந்தேகமில்லை. மெல்ல, மிக மெல்ல, இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் எதையோ தின்கிறது," என்றேன். "வேறு என்ன மாட்டியிருக்கிறாய்?"

"ஒண்ணும் இல்ல சார்."

நான் எழுந்து வண்டியைச் சுற்றி வந்தேன். பெட்ரோல் டேங்க்குக்கு அடியில், அழகுக்காக ஒட்டிய நீல நிற விளக்குப் பட்டை மினுமினுவென்று எரிந்தது. ஹேண்டில்பாரில் செல்போன் சார்ஜர். அதில் அவன் போன். பைக் வாங்கிய கையோடு யாரிடமோ மாட்டிக்கொண்டது. நீலத்தைப் பிடுங்கினேன். சார்ஜரில் கை வைத்ததும் கத்தினான்.

"போன் இல்லாம எப்படி சார் ஊரக் கூப்பிடுறது? வாயாலயா? அதுல இப்பவே இருபது பர்சன்ட்டுதான் இருக்கு!"

அவன் கேட்டதும் நியாயம்தான். கசிவைக் கண்டுபிடித்துவிட்டு, கூப்பிட வழியில்லாமல் நின்றால் என்ன பயன்? நான் சார்ஜர் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மழை தகரக் கூரையில் அடிக்கிற சத்தத்தில் யோசனைகூட ஓடவில்லை.

வசந்தா இடுப்பிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தாள். உள்ளே பட்டன் போன். "மூணு நாளைக்கு முன்ன சார்ஜ் போட்டது. இன்னும் ரெண்டு கோடு இருக்கு. உன்னோட போன அணைச்சி வைடா. அதுல படம் பாக்கத்தான் ஆகும்."

சார்ஜரையும் பிடுங்கியதும் முள் ஏறியது. பதின்மூன்றைத் தாண்டிக் கொஞ்சம் வலது பக்கம் போய், அங்கேயே நின்றது. அதற்குப் பிறகும் ஏழு நிமிடம் உட்கார வைத்தேன். ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கிளம்பினார்கள். உரச்சாக்குக் கொங்காணியோடு அவள் பின்னால் உட்கார்ந்து, விளக்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

அன்று இரவு நான் படுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தூங்கினேன் என்று சொல்ல முடியாது. என் மனைவி இரண்டு முறை கேட்டாள், "அந்தப் பையனுக்கு ஒரு போன் போட்டுத்தான் பாருங்களேன்." போட்டால் அந்தப் பட்டன் போனில் ஒரு கோடு குறையுமே என்று போடவில்லை.

காலை ஆறேமுக்காலுக்கு வசந்தாவே கூப்பிட்டாள். கரகரத்த குரல்.

"நின்னுருச்சு சார்."

"வண்டியா?"

"தண்ணி சார். தண்ணி ஏறுறது நின்னுருச்சு. வண்டிக்கு ஒண்ணும் இல்ல."

மதகுக்குக் கிழக்கே, மொட்டைப் பனைக்குப் பக்கத்தில், முதல் நடையில் ஓர் ஊற்றுப் பார்த்திருக்கிறாள். தெளிந்த தண்ணீர். இரண்டாவது நடையிலும் தெளிவுதான். மூன்றாவது நடையில் மஞ்சள் வெளிச்சத்தில் அது பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. குமரேசன் இல்லை என்றிருக்கிறான். அவள் இறங்கிப் போய்க் கையில் அள்ளிப் பார்த்திருக்கிறாள். விரல் இடுக்கில் மண் நின்றிருக்கிறது. பட்டன் போனில் கூப்பிட்டதும் ஊரில் இருந்த பதினேழு பேரும் வந்துவிட்டார்கள். சவுக்குக் கட்டை அடித்து, மணல் மூட்டை போட்டு அடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

"அவ்வளவு நேரமும் வண்டி நின்ன எடத்துலயே ஓடிக்கிட்டு இருந்துச்சு சார். அந்த வெளிச்சத்துலதான் வேலையே பாத்தோம். யாரும் முறுக்கவே இல்ல."

நான் பதினைந்து நிமிடம் பார்த்தது இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்து செய்ததாக இப்போது சொல்லிக்கொள்ளவும் விருப்பமில்லை.

குமரேசன் ஒரு வாரம் கழித்து வந்தான். வானம் வெளுத்திருந்தது. நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்து நான் முகத்தைக்கூடக் கொஞ்சம் தயார் செய்துகொண்டேன்.

"வெள்ளம் வடிஞ்சிருச்சு சார். அந்த மூணு லைட்டையும் திரும்ப மாட்டிக் குடுங்க. கூட்டாளிங்கெல்லாம் கோடியக்கரைக்கு ராத்திரி ரைடு போறோம்."

அடுத்த மழைக்கு மறுபடி வந்து கழற்றச் சொல்வான். அல்லது கழற்ற மறந்து கரைக்குப் போவான். எனக்கு அதை நினைக்கவே அலுப்பாக இருந்தது. மாட்டித் தர முடியாது என்றேன். அவன் பணத்தைக் கேட்டான். என் கூலியையும் சேர்த்துக் கேட்டான். கொடுத்தேன். கேட்ட வேலைக்குப் பொருந்தாததை மாட்டியவன் நான். கூலியை மட்டும் வைத்துக்கொள்ள என்ன நியாயம்? பாய் ஒயர் வெட்டிய விளக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஸ்விட்சை மட்டும் நூற்றைம்பது ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். மூன்று விளக்கும் இன்றைக்கும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. வேகமாகப் போகிறவர் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

"அந்த டிராக்டர் விளக்கு?" என்று கேட்டேன்.

"அது எங்ககிட்ட இல்ல சார். மறுநாள் மேலத் தெருவுக்கு முறை. அவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு அடுத்த நாள் அவங்ககிட்டேர்ந்து வேற வீட்டுக்கு. இப்ப யார் வீட்டுல கெடக்குன்னு அக்காவக் கேட்டாத்தான் தெரியும்."

அறுநூற்று நாற்பது ரூபாய் விளக்கு. கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஐப்பசியில், நான் கடையை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்காருவதற்குச் சில நாள் முன்னால், முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். சைக்கிள் கேரியரில் துணி சுற்றிய பொட்டலம். பிரித்தார். அதே விளக்கு. முன் கண்ணாடியில் கீறல் விட்டிருந்தது. நான் விட்ட ஆறடி ஒயரோடு இன்னும் நான்கடி ஒட்டுப் போட்டிருந்தார்கள்; நுனியில் பேட்டரியில் கவ்வுகிற இரண்டு கிளிப். பைக் இல்லாத வீட்டுக்காரர்கள் பேட்டரியைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, விளக்கைக் கையில் பிடித்து நடக்கிறார்களாம்.

"கண்ணாடி மாத்தணும் சார். மழைக்கு முன்ன வேணும்."

"யாருடைய விளக்கு இது?"

"யாரோடதும் இல்ல சார். முறையோடது."

மாற்றிக் கொடுத்தேன். கண்ணாடி தொண்ணூறு ரூபாய். அவர் சட்டைப் பையைத் தொட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

திருப்பிக் கொடுத்த பத்தாயிரத்து எண்ணூற்று ஐம்பது, டிராக்டர் விளக்கு அறுநூற்று நாற்பது, குட்டி யானை எழுநூறு, ஐந்து டீ அறுபது, இந்தக் கண்ணாடி தொண்ணூறு. பாய் எடுத்துக்கொண்ட ஸ்விட்சுக்கு நூற்றைம்பதைக் கழித்தால், எனக்கு ஆன செலவு பன்னிரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.